ஒரு கல்லூரியின் வாசல்



அயர்லாந்து என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புனித பேட்ரிக். அடுத்து, கடல் கடந்து வந்து நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அந்த நாட்டு அருள்சகோதரிகளும் அருள்தந்தையரும் நினைவுக்கு வருவார்கள். விசுவாசத்துக்காக எத்தனையோ துன்பங்களைத் தாங்கிய கத்தோலிக்க மக்களின் நாடு அது. அந்த நாட்டின் தலைநகர் டப்ளினில், நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு கல்லூரி இருக்கிறது. மூவொரு கடவுளின் பெயரைத் தாங்கி, டிரினிட்டி கல்லூரி என்று அழைக்கப்படுகிறது. நீண்ட காலம், கத்தோலிக்கர் ஒருவர் அங்கே பட்டம் பெறச் சட்டம் இடம் தரவில்லை. சட்டம் இடம் தந்த பிறகு, அங்கே போக வேண்டாம் என்று நம் ஆயர்களே தடுத்த காலமும் வந்தது.

இப்படி இரண்டு பக்கமும் அடைபட்டிருந்த ஒரு வாசல் வழியாகப் போய், படித்து வெளியே வந்தவர்கள் சிலரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது.

முதலாம் எலிசபெத் அரசி 1592-ஆம் ஆண்டு இந்தக் கல்லூரிக்குப் பட்டயம் வழங்கினார். கல்லூரிக்குக் கிடைத்த இடம், முன்பு அகுஸ்தினார் துறவியர் வாழ்ந்த அனைத்துப் புனிதர் மடம். அரசியின் தந்தை எட்டாம் ஹென்றி துறவு மடங்களைக் கலைத்தபோது அந்த மடமும் மூடப்பட்டது. செபமும் திருப்பலியும் நடந்த நிலத்தில், சீர்திருத்த சபைக்குப் போதகர்களை உருவாக்கும் கல்லூரி எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து, பட்டம் பெற விரும்புவோர் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. நற்கருணையில் அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்ற நம் விசுவாசத்தை அவர்கள் மறுத்துச் சொல்ல வேண்டும். எந்தக் கத்தோலிக்கத் தாய் தன் மகனை அதற்கு அனுப்புவாள்?

1695-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. கத்தோலிக்கர் உள்நாட்டில் பள்ளி நடத்தக் கூடாது, படிக்க வெளிநாடு போகவும் கூடாது. ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் வேலியோரத்திலும் கொட்டகையிலும் மறைவாகப் படித்தார்கள். குருவாக விரும்பிய இளைஞர்கள் கடல் கடந்து சாலமாங்காவுக்கும் லூவேனுக்கும் பாரிசுக்கும் உரோமைக்கும் போனார்கள்.

ஒரு செய்தியை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். கெல்ஸ் நூல் என்று புகழ்பெற்ற நற்செய்திப் பிரதி ஒன்று உண்டு. ஏறத்தாழ 800-ஆம் ஆண்டு வாக்கில், புனித கொலம்பாவின் வழிவந்த துறவியர் நான்கு நற்செய்திகளையும் கன்றுத் தோலில் எழுதி, வண்ணச் சித்திரங்களால் அழகுபடுத்திய நூல் அது. 1661-ஆம் ஆண்டு முதல் அது டிரினிட்டி கல்லூரி நூலகத்தில்தான் இருக்கிறது. துறவியர் எழுதிய நற்செய்தி உள்ளே பத்திரமாக இருந்தது. அந்தத் துறவியரின் விசுவாசத்தைக் காத்துவந்த மக்களோ வெளியே நின்றார்கள்.

இனி உள்ளே படித்தவர்களிடம் வருவோம்.

'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனத்தன் ஸ்விஃப்ட் பெயரை நம் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். அவர் 1686-இல் அங்கே பட்டம் பெற்றார். தேர்வில் சிறந்து வாங்கிய பட்டம் அல்ல, சிறப்புச் சலுகையில் கொடுத்த பட்டம். மகனின் மதிப்பெண்ணை நினைத்துக் கவலைப்படும் பெற்றோருக்கு இது ஆறுதலாக இருக்கட்டும். ஸ்விஃப்ட் ஆங்கிலிக்கன் போதகர், டப்ளினில் உள்ள புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைவர். கத்தோலிக்கருக்குச் சார்பாகப் பேசியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் இலண்டனில் இருந்து வந்த அநியாயம் அயர்லாந்தின் ஏழைகளை நசுக்கியபோது அவர் வாய் மூடி இருக்கவில்லை. 1724-இல் மதிப்புக் குறைந்த செப்புக் காசுகளை நாட்டின்மேல் திணிக்கப் பார்த்தார்கள். ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் எழுதுவதுபோல் கடிதங்கள் எழுதி மக்களைத் திரட்டினார். அந்தக் காசு திரும்பப் பெறப்பட்டது. இறக்கும்போது தம் சொத்தை மனநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்ட விட்டுச்சென்றார். 1757-இல் திறந்த அந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்த காலத்தில் செய்த தருமம் அது.

கல்லூரியின் முன்வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு சிலைகள் இன்று நிற்கின்றன. ஒன்று, எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் சிலை. கட்டணம் கட்ட வழியில்லாமல், பணிவிடை செய்யும் ஏழை மாணவராக அந்தக் கல்லூரியில் படித்தவர். நிலத்தை இழந்து ஊரைவிட்டுப் போகும் கிராமத்து மக்களின் துயரத்தை 1770-இல் கவிதையாக எழுதியவரும் அவரே. இன்னொன்று எட்மண்ட் பர்க்கின் சிலை. இவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பர்க்கின் தந்தை ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த வழக்கறிஞர். தாய் மேரி நேகிள், கத்தோலிக்கர். மகன்கள் தந்தையின் சபையிலும், மகள் தாயின் விசுவாசத்திலும் வளர்ந்தார்கள். சிறு வயதில் பர்க் சில ஆண்டுகள் கார்க் மாவட்டத்தில் தாய்வழி உறவினரிடம் வளர்ந்தார். கத்தோலிக்கர் தங்கள் மண்ணிலேயே அந்நியராக வாழ்வதை அந்த வயதிலேயே கண்ணால் பார்த்தார். தந்தையின் சபையைச் சேர்ந்தவர் என்பதால் டிரினிட்டி கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1748-இல் பட்டம் பெற்றார்.

அதே நேகிள் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணும் இருந்தார். நானோ நேகிள் என்று பெயர். 1718-இல் பிறந்தவர். கத்தோலிக்கப் பெண் என்பதால் எந்தக் கல்லூரி வாசலும் அவருக்குத் திறக்கவில்லை. ஒளிந்து கடல் தாண்டி பிரான்சு நாட்டில் படித்தார். திரும்பி வந்து, கார்க் நகரத்தின் சந்துகளில், சட்டத்துக்குத் தெரியாமல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார். இரவில் லாந்தர் விளக்கோடு நோயாளிகளைத் தேடிப் போவார். அவர் 1775-இல் தொடங்கிய துறவற சபைதான் பிரசன்டேஷன் சபை. அந்தச் சகோதரிகள் 1842-இல் சென்னைக்கு வந்தார்கள். சர்ச் பார்க் பள்ளி என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் உண்டா? அது அவர்களுடைய பள்ளிதான்.

ஒரே குடும்பத்தின் உறவினர் இருவர். ஒருவர் வாசலுக்கு உள்ளே போனவர், இன்னொருவர் வெளியே நிறுத்தப்பட்டவர். வெளியே நின்றவர் சந்துக்குள் தாமே ஒரு வாசலைத் திறந்தார். உள்ளே போனவர் என்ன செய்தார்?

பர்க் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களைத் தளர்த்த வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார். 1778-இல் சில தடைகள் நீங்கின. 1780-இல் இலண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராகப் பெரும் கலவரம் வெடித்தது. சிற்றாலயங்களும் வீடுகளும் எரிந்தன. பர்க்கின் வீட்டுக்குப் படைவீரர் காவல் நிற்க வேண்டியதாயிற்று. அவரோ வீட்டுக்குள் ஒளியாமல் கலவரக் கூட்டத்துக்குள் நடந்து போனார். அதே ஆண்டு பிரிஸ்டல் தொகுதியை இழந்தார். கத்தோலிக்கருக்காகப் பேசியதும் அதற்கு ஒரு காரணம்.

அவர் குரல் கொடுத்தது தம் தாயின் மக்களுக்காக மட்டுமல்ல, நம் முன்னோருக்காகவும்தான். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, கும்பினி அதிகாரிகளிடம் கொடிய வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அதற்கு ஈடாக ஊர்களின் வரி வருமானத்தையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1773-இல் தஞ்சாவூரும் இந்தப் பேராசைக்குப் பலியானது. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. கர்நாடகப் பகுதி பாழாகிக் கிடந்தபோது, அந்தக் கடன்களை விசாரணையே இல்லாமல் ஏற்று, நம் நிலத்து வரியிலிருந்து அடைக்கலாம் என்று இலண்டன் அரசு முடிவெடுத்தது.

1785 பிப்ரவரி 28 அன்று பர்க் எழுந்தார். பல மணி நேரம் பேசினார். இந்தக் கடனை உண்மையில் கட்டப்போவது யார், உழுது பசியோடு கிடக்கும் குடியானவன் அல்லவா என்பதே அவர் வாதத்தின் சாரம். நம் ஏரிகளைப் பற்றியும் பேசினார். தங்கள் காலத்துக்குப் பிறகும் மக்கள் வாழ வேண்டும் என்று எண்ணியவர்கள் கட்டிய நீர்நிலைகள், பராமரிப்பின்றி உடைந்து கிடப்பதை எடுத்துச் சொன்னார். இந்த மண்ணை அவர் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆவணங்களைப் படித்து, கணக்குகளைப் புரட்டி, முகம் தெரியாத மக்களுக்காக வழக்காடினார். வாக்கெடுப்பில் தோற்றார். பின்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அவர் கொண்டுவந்த வழக்கு 1788 முதல் 1795 வரை நடந்து, அதுவும் தோல்வியில் முடிந்தது. ஆனால் ஆள்பவர் செய்த அநீதிக்கு, எவ்வளவு தொலைவிலிருந்தாலும், கணக்குக் கேட்க வேண்டும் என்று அவர் போட்ட பாதை அழியவில்லை.

அயர்லாந்தில் வாசல் திறந்த கதைக்கு வருவோம். 1786-இல் டிரினிட்டியில் பட்டம் பெற்ற உல்ஃப் டோன் என்ற இளைஞர், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். 1791-இல் கத்தோலிக்கரின் உரிமைக்காக ஒரு சிறு நூல் எழுதினார். கத்தோலிக்கர் தங்கள் பேரவைக்கு அவரையே உதவிச் செயலராக அமர்த்திக்கொண்டார்கள். 1792 டிசம்பரில் நாடெங்கும் இருந்து கத்தோலிக்கப் பிரதிநிதிகள் டப்ளினில் கூடி, அரசருக்கே நேராக விண்ணப்பம் அனுப்பினார்கள். 1793-இல் சட்டம் வந்தது. கத்தோலிக்கருக்கு வாக்குரிமை கிடைத்தது. டிரினிட்டியில் பட்டம் பெறவும் வழி பிறந்தது. டோன் பின்னர் ஆயுதப் புரட்சியில் இறங்கி, 1798-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்தார். அந்த வழியை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் பிறருடைய உரிமைக்காக அவர் தம் எழுத்தையும் உழைப்பையும் கொடுத்ததை மறக்கவும் முடியாது.

புதிய சட்டத்தின் பயனாக முதலில் உள்ளே போனவர்களில் ஒருவர், டப்ளினில் மளிகைக் கடை நடத்திய கத்தோலிக்கரின் மகன் தாமஸ் மூர். பிற்காலத்தில் அயர்லாந்தின் பாடல்களால் உலகப் புகழ் பெற்ற கவிஞர். ஆனால் வாசல் முழுவதும் திறக்கவில்லை. 1840-களில் டெனிஸ் ஹெரன் என்ற கத்தோலிக்க மாணவர் உதவித்தொகைத் தேர்வில் தகுதி பெற்றார். ஆங்கிலிக்கன் முறையில் நற்கருணை வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். அவர் மறுத்தார், உதவித்தொகையை இழந்தார். 1873-இல்தான் அந்தத் தடைகள் நீங்கின.

அன்பு நேயர்களே, இந்த இடத்தில் நாம் நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசின் கதவு திறந்த அதே 1870-களில், அயர்லாந்து ஆயர்கள் கத்தோலிக்க இளைஞர்கள் டிரினிட்டிக்குப் போகக் கூடாது என்று தடை விதித்தார்கள். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருநூறு ஆண்டுகளாக விசுவாசத்தை மறுக்கச் சொன்ன இடம் அது. தங்கள் இளைஞர்களுக்காக, பிற்காலத்தில் கர்தினாலான புனித நியூமனின் தலைமையில் 1854-லேயே தனிக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தார்கள். ஆனால் காயத்துக்குக் கட்டிய கட்டு, காயம் ஆறிய பின்னும் அவிழாமல் இருந்துவிட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

அதன் விலை என்ன என்பதை ஓர் இறுதிச் சடங்கு காட்டியது. டக்ளஸ் ஹைட் ஓர் ஆங்கிலிக்கன் போதகரின் மகன், டிரினிட்டி பட்டதாரி. கிராமத்து ஏழைகளிடம் ஐரிஷ் மொழியைக் கற்று, அழிந்துகொண்டிருந்த அந்த மொழியைக் காக்க 1893-இல் ஓர் இயக்கம் தொடங்கினார். கானாட் பகுதியின் கத்தோலிக்கக் குடியானவர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த செபங்களையும் பக்திப் பாடல்களையும் தேடித் தேடி எழுதி நூலாக்கினார். நம் பாட்டிமார் சொன்ன செபங்களைப் பிற சபைக்காரர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துச் சேகரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவரை மக்கள் மதித்தார்கள். கத்தோலிக்கர் நிறைந்த அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக 1938-இல் அவரே பதவியேற்றார்.

1949 ஜூலையில் ஹைட் இறந்தார். ஸ்விஃப்ட் அடக்கமாகியிருக்கும் அதே புனித பேட்ரிக் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. பிற சபையின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கேற்கக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் பிரதமரும் கத்தோலிக்க அமைச்சர்களும் பேராலயத்துக்கு வெளியே கார்களில் அமர்ந்திருந்தார்கள். தங்கள் முன்னோரின் செபங்களைக் காத்துக் கொடுத்த மனிதருக்காக, அவருடைய உடலருகே நின்று ஒரு செபம் சொல்ல அவர்களால் முடியவில்லை. கத்தோலிக்க அமைச்சர்களில் நோயல் பிரவுன் மட்டும் உள்ளே சென்றார். அவரும் டிரினிட்டியில் மருத்துவம் படித்தவர். காசநோயால் பெற்றோரை இழந்தவர், தாமும் அந்த நோயைத் தாங்கியவர். சுகாதார அமைச்சராக இருந்து, காசநோய் மருத்துவமனைகளை நாடெங்கும் பெருக்கிய புண்ணியம் அவருடையது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பிற சபைகளில் தூய ஆவியார் செயலாற்றுவதைத் திருஅவை வெளிப்படையாக ஏற்றது. 1970-இல் டிரினிட்டி தடையும் நீங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன், மேயோ மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தின் மகள் ஒருவர் அங்கே சட்டம் படிக்க, பெற்றோர் டப்ளின் பேராயரிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த மாணவிதான் மேரி ராபின்சன். 1990-இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். பின்னர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையராகவும் பணியாற்றினார்.

இன்னும் ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். டோனகால் மாவட்டத்துச் சிற்றூரில் வளர்ந்த வில்லியம் கேம்பெல், 1952-இல் டிரினிட்டியில் விலங்கியல் பட்டம் பெற்றார். ஜப்பானிய அறிஞர் ஒருவர் மண்ணிலிருந்து கண்டெடுத்த நுண்ணுயிரை வைத்து, ஒட்டுண்ணிகளை அழிக்கும் ஐவர்மெக்டின் மருந்து உருவாக வழி செய்தார். ஆப்பிரிக்காவின் ஆற்றோர ஏழைகளைக் குருடாக்கிய நோய்க்கு அதுவே மருந்தானது. 1987 முதல் அந்த மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. நம் நாட்டிலும் யானைக்கால் நோயை ஒழிக்கத் தரும் மருந்துகளில் அதற்கு இடம் உண்டு. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்வை காக்கப்பட்ட ஏழைகள், மருந்து கண்டவர் எந்தச் சபை என்று கேட்கவில்லை.

மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், யோவான் ஆண்டவரிடம் ஒரு புகார் சொல்கிறார். நம்மோடு சேராத ஒருவர் உமது பெயரால் பேயோட்டுவதைக் கண்டு தடுக்கப் பார்த்தோம் என்கிறார். பாராட்டு வரும் என்று நினைத்திருப்பார். ஆண்டவரோ, தடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அயர்லாந்தின் வரலாறு அந்தப் பகுதிக்கு ஒரு நீண்ட விளக்கவுரைபோல இருக்கிறது.

நம் பங்கிலும் இந்தக் கேள்விகள் உண்டு. பக்கத்துத் தெரு சிஎஸ்ஐ ஆலயத்தில் நமக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியரின் அடக்கம் நடந்தால், நாம் உள்ளே போய் செபிக்கிறோமா, வெளியே நின்று முகம் காட்டிவிட்டுத் திரும்புகிறோமா? நம் சொந்தக் கல்லறைத் தோட்டங்களில் சாதியின் பெயரால் ஏதாவது சுவர் நிற்கிறதா? நம் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளில் சேர்க்க அலைகிறோமே, உள்ளே போனபின் வெளியே நிற்பவரை நினைத்துப் பார் என்று அவர்களிடம் சொல்லி அனுப்புகிறோமா?

இந்த வாரம் ஒரு சிறு செயல் செய்வோம். நம் விசுவாசத்தைச் சேராத, ஆனால் நமக்கு நன்மை செய்த ஒருவரின் பெயரை நினைவில் கொண்டுவருவோம். அவர் உயிரோடிருந்தால் நேரில் போய் நன்றி சொல்வோம். இறந்திருந்தால், ஞாயிறு திருப்பலியில் அவரைப் பெயர் சொல்லி நினைப்போம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.